ஊசி போட்டாச்சு, உடம்பில் சத்து இருக்கா?

"பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. இனி என்ன பயம்?" என்று நம் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டால் மனம் மகிழ்கிறது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று பேராக் முழுவதும் அரசாங்கக் கிளினிக்குகளில் நம் குழந்தைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். சுகாதாரப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தவறாமல் போகிறவர்கள் பலர். நல்ல காரியம்தான். ஆனால் ஊசி மருந்து தன் வேலையைச் செய்ய, பிள்ளையின் உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமல்லவா? அந்த உடம்பில் போதிய சத்து இருக்கிறதா? இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அரசாங்கமே எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது, ஏறக்குறைய இரண்டு பிள்ளைக்கு ஒரு பிள்ளை! 5 வயதுக்குட்பட்டவர்களில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டணம், கிராமம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. நம் வீட்டுப் பிள்ளை இதில் எந்தப் பக்கம்?

ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். தடுப்பூசி நோயை நேரடியாக அடித்து விரட்டுவதில்லை. "இவன்தான் திருடன், முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்" என்று உடம்பின் காவல்காரர்களுக்கு அடையாளம் காட்டுகிறது. அவ்வளவுதான். அதன் பிறகு காவல்காரர்கள் பெருக வேண்டும். எதிர்ப்புப் பொருளை உண்டாக்க வேண்டும். திருடனின் முகத்தை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் இரும்புச் சத்து, துத்தநாகச் சத்து, 'ஏ' வைட்டமின் போன்றவை வேண்டும். குண்டுமணி அளவுகூட இல்லாத இந்தச் சத்துகள் குறைந்தால், காவல்காரன் வாசலில் நின்றுகொண்டே தூங்குவான்.

இது வெறும் ஊகமல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கடலோரக் கிராமங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளிவந்தது. ஊசி போட்ட சமயத்தில் இரத்தசோகை இருந்த குழந்தைகளிடம், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவற்றுக்கு எதிரான சக்தி குறைவாக உண்டானது. தட்டம்மை ஊசி போட்ட காலத்தில் இரும்புச் சத்துப் பொடியைக் கஞ்சியில் கலந்து கொடுத்த குழந்தைகளிடமோ, பொடியில் இரும்பு இல்லாதவர்களைவிட எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருந்தது. ஊசி ஒன்றுதான், உடம்பு வேறு, பலனும் வேறு!

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான், இளம்பிள்ளை வாதத்திற்கு வாயில் விடும் சொட்டு மருந்து மேல்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பலிக்கும் அளவுக்கு நம் பிள்ளைகளுக்குப் பலிக்கவில்லை என்பதை 1970-களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். மூன்று முறை கொடுத்தும் பலருக்குப் போதவில்லை. வயிற்றில் அடிக்கடி வரும் கிருமித் தொல்லை, சத்துக் குறைவு எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. இந்தியா சளைக்கவில்லை, மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுத்தது. 2014-இல் இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடு என்ற சான்றிதழைப் பெற்றது.

பிற்காலத்தில் அதே வேலூரில், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தோடு துத்தநாகமும் குடலுக்கு நன்மை செய்யும் கிருமியும் கொடுத்துப் பார்த்தார்கள். 620 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். எதுவும் பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மருந்து பலித்தது. இரண்டும் பெற்றவர்களில் 39 பேருக்குப் பலித்தது. துத்தநாகம் மட்டும் பெற்றவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன முன்னேற்றம்தான், இதை வைத்து உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. காய்ந்து கிடக்கும் மரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பால் கேட்டால் கிடைக்குமா? சத்து என்பது தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி நாள்தோறும் சேர வேண்டிய சமாச்சாரம்.

"அப்படியென்றால் பிள்ளை தேறட்டும், ஊசியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது நினைத்தால், அதைவிட ஆபத்தான எண்ணம் வேறு இல்லை! மெலிந்த பிள்ளைக்கு ஊசி பலிக்காது என்பதல்ல நாம் சொல்வது. பெரும்பாலான ஊசிகள் அவர்களுக்கும் பலிக்கின்றன. சிலருக்குப் பலன் சற்றுக் குறைகிறது. மேலும், நோய் வந்தால் முதலில் சாய்வது சத்தில்லாத பிள்ளைதான். ஆகவே ஊசி அவனுக்குத்தான் அதிகம் தேவை. 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது. இந்த நாட்டில் 27 ஆண்டுகளுக்குப் பிறகு தலைகாட்டிய முதல் சம்பவம் அது. போன நோய் போனதுதான் என்று யாரும் இருந்துவிட முடியாது. 2, 3, 5 மாதங்களிலும் 18-ஆம் மாதத்திலும் போடும் ஆறு நோய்த் தடுப்பூசியையும், 9, 12-ஆம் மாதங்களில் போடும் தட்டம்மை ஊசியையும் அந்தந்த நாளிலேயே போட்டுவிட வேண்டும்.

சரி, வயிறு நிறையச் சோறு போடுகிறோமே, அது போதாதா? போதாது என்பதற்கு நம் பாட்டன்மார் காலமே சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டவர்கள் விழுந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907-இல் இதை நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று நிரூபித்தார்கள். வயிறு நிறைந்தவனும் சத்தில்லாமல் சாகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் ஒன்று இந்த மண்!

இன்று நம் பிள்ளைகள் பசியாறுவது எதில்? தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி. மத்தியானம் கிச்சாப் ஊற்றிய சோறு. சாயங்காலம் மீ பொட்டலம். லயத்து வீட்டின் பின்னால் முருங்கையும் கீரைப் பாத்தியும் இருந்தன, கோழி மேய்ந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தது. மலிவு வீட்டின் நான்காவது மாடியில் முருங்கை முளைக்குமா? இன்னொரு வேடிக்கை: நாம் குலை வெட்டும் செம்பனைப் பழத்தின் செந்நிறத்தில் 'ஏ' வைட்டமினுக்கு மூலமான சத்து நிறைய உண்டு. எண்ணெயைச் சுத்திகரித்து வெளுப்பாக்கும்போது அது போய்விடுகிறது. வெட்டிய நம் வீட்டுக்கு வருவது வெறும் எண்ணெய்தான்.

ஆகவே தாய்மார்கள் செய்யக்கூடியது என்ன? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். ஆறு மாதம் ஆனதும் வெறும் அரிசிக் கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து அதற்குள் தீர்ந்துவிடும். மசித்த முட்டை, மீன், ஈரல், பருப்பு, கீரை, பூசணி, பப்பாளி இவற்றில் முடிந்ததைச் சேருங்கள். கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சோற்றோடு தேத்தண்ணி கொடுத்தால் அது சேர விடாமல் கெடுக்கும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை அலமாரியில் பூட்டி வைக்காமல் சாப்பிட வேண்டும். ஆனால் அதை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது, அளவு மீறினால் விஷம். பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்திருந்தால், ஊசி போடப் போகும் நாளிலேயே "இரத்தம் சோதித்துப் பாருங்க மிஸ்ஸி" என்று தாதியிடம் கேளுங்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம், சோதிக்காமல் தெரியாது. எடை குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக்கூடை தரும் திட்டம் சுகாதார அமைச்சில் 1989 முதல் உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். அது பிச்சை அல்ல, உரிமை.

ஆனால் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க முடியாது. விடியுமுன் வேலைக்குப் போகும் பெண் பிள்ளையைக் கிளினிக்குக்கு எப்போது கொண்டுபோவாள்? "ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சே" என்ற கவலைதானே ஊசியைத் தள்ளிப்போட வைக்கிறது? ஊசி நாளில் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சங்கம் கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ஒரு வேளை சத்தான சாப்பாடு போட வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்க வேண்டும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. அதில் வாடகையும் கடனும் போக, பிள்ளையின் தட்டுக்கு முட்டை வருகிறதா என்பதே உண்மையான அளவுகோல்.

ஊசியை அரசாங்கம் கொடுக்கிறது. அது முழுப் பலனும் தரும் உடம்பை வளர்ப்பது வீடும் தோட்டமும் சங்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சுகாதாரப் புத்தகத்தில் ஊசிப் பக்கத்தைப் பார்க்கும் நாம், எடைப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்போமாக!