தயாராகவில்லை என்பது உண்மையல்ல

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் தேசியத் திட்டம் இந்தியாவில் ஏன் இன்னும் எல்லாப் பெண்களையும் எட்டவில்லை என்று கேட்டால், ஆண்டுக்கணக்காக ஒரே பதில்தான் வருகிறது. நாடு பெரியது, மருத்துவர்கள் குறைவு, பெண்கள் கூச்சப்படுவார்கள், முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். கேட்க நியாயமாகத் தெரிந்தாலும் சான்றுகளுக்கு முன்னால் இது நிற்காது. 2022-ல் மட்டும் இந்த நோய்க்கு இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் பலியானதாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டிருக்கிறது. இந்நோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு அவகாசம் கிடைத்தும் இத்தனை பேரைப் பறிகொடுக்கிறோம்.

மருத்துவர் பற்றாக்குறையை முதலில் எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் தொடங்கிய ஆய்வில் பரிசோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஸ்பெக்குலம் என்ற விரிப்புக் கருவியை வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். அந்த அமிலம் கிட்டத்தட்ட சமையலுக்கு வாங்கும் வினிகர்தான். மாறத் தொடங்கிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுக்காக நாள் எண்ண வேண்டியதில்லை. தகுதியானவர்களுக்கு அந்தத் திட்டை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியையும் செவிலியர்களே செய்தார்கள். 2007-ல் முடிவு வெளியானபோது, பரிசோதனைக் குழுவில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35% குறைந்திருந்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தே இதே பரிசோதனையைச் செய்தார்கள். அங்கும் மரணம் 31% குறைந்தது. இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையின்றி விடப்பட்ட பெண்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர்களை வைத்து அறிந்துகொண்டதைச் செயல்படுத்தாமல் கிடப்பில் போடுவது பெரிய அநீதி.

பெண்கள் வர மாட்டார்கள் என்கிறார்கள். திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வந்தார்கள். கூச்சம் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் தாழ்ப்பாள் சரியில்லாத அறை, பாதி வரைதான் மறைக்கும் திரை, வாசலில் நடமாடும் ஆண் ஊழியர், நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் காலை நேரத்திலேயே பரிசோதனை என்று வைத்துவிட்டு, வராதவள்மீது பழியைப் போடுவது சரியா? நோயின் அறிகுறி எதுவும் இல்லாதபோதே வர வேண்டும் என்று யாராவது அவளிடம் உட்கார்ந்து சொன்னார்களா? எச்பிவி பரிசோதனை என்றால் பஞ்சுக்குச்சியால் மாதிரியை அவளே தனியாக எடுத்துக் கொடுத்துவிடலாம். அப்போது கூச்சத்தைச் சாக்குச் சொல்லவும் இடமிருக்காது.

வினிகர் பரிசோதனை அவ்வளவு துல்லியமில்லை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பியது அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவ்வளவாக உதவாது. உஸ்மானாபாத்தில் ஒரே ஒரு முறை செய்த வினிகர் பரிசோதனையும், செல் மாதிரியை ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியரும் மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. எச்பிவி பரிசோதனையோ ஒருமுறை செய்ததிலேயே ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பரிசோதிக்கப்படாத குழுவில் 64 மரணம், எச்பிவி குழுவில் 34. இது வெளியானது 2009-ல். துல்லியம்தான் கவலை என்றால் அன்றே எச்பிவி பரிசோதனைக்கு மாறும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். பழையது போதாது என்றும் புதியது விலை அதிகம் என்றும் மாறி மாறிச் சொல்லியே காலம் போய்விட்டது.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது முதன்மையாக 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு. அவசியம் போட வேண்டும். இன்று நாற்பது வயதில் இருக்கும் அவர்களின் அம்மாவுக்கு அதனால் என்ன பயன்?

கடைசி வாதம்தான் கனமானது. திட்டம் ஏற்கனவே நடக்கிறது என்கிறார்கள். 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்று வழிகாட்டுதல் வந்தது 2016-ல். அதன்பின் 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30–49 வயதில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9%. முன்னோடி என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டிலேயே 9.8%தான். 2025 ஜூலையில் மத்திய அரசு சொன்ன கணக்கில், தகுதியுள்ள 25.42 கோடிப் பெண்களில் 10.18 கோடிப் பேருக்குப் பரிசோதனை முடிந்துவிட்டது. அந்த எண்ணை அப்படியே ஏற்றாலும் ஐந்தில் மூன்று பேர் மிச்சம். அதோடு, எத்தனை பேருக்குச் சந்தேகத்துக்குரிய முடிவு வந்தது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற இரண்டு எண்களும் மாவட்டவாரியாகப் பக்கத்திலேயே வேண்டும். பரிசோதனையால் யாரும் பிழைப்பதில்லை, அதற்குப் பிந்தைய சிகிச்சையால்தான் பிழைக்கிறார்கள்.

பிரிட்டனில் 1964 முதலே பாப் ஸ்மியர் இருந்தது. ஆனால் 1988-ல் பெயர்ப் பட்டியல் வைத்து, கடிதம் போட்டு, வராதவர்களை மறுபடி அழைக்கத் தொடங்கிய பிறகுதான் பரிசோதனைக்கு வருவோர் 42 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 85 சதவீதமானார்கள். மரணங்களும் வேகமாகக் குறைந்தன. நம்மிடம் இல்லாதது அந்தப் பட்டியல்தான். சிகிச்சையும் அருகிலேயே வேண்டும். திட்டு தெரிந்த பெண்ணை மாவட்ட மருத்துவமனைக்குப் போ என்று சீட்டெழுதி அனுப்பினால், பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் அவள் கையிலிருந்து போகும். பலர் போவதே இல்லை. கையடக்கமான வெப்பச் சிகிச்சைக் கருவியால் ஒரு நிமிடத்துக்குள் அந்தத் திட்டை அழிக்கலாம். அந்தக் கருவியை ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைக்க வேண்டும். யார் வரவில்லை என்று கிராம சுகாதார செவிலியர் கையில் பெயரோடு பட்டியல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நிதிநிலை அறிக்கையில் தனி ஒதுக்கீடும், முடிக்க வேண்டிய தேதியும் கேட்கிறோம்.