சினிமாப் பாட்டை விடுங்கள், வீட்டுக் குரலை ஏற்றுங்கள்

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லித் திருநெல்வேலியில் என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தப் பாட்டு எங்கும் போய்விடாது; செல்போனில் தேடினால் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். பையின் அடியில் உறைகூட இல்லாமல், பேனாவால் ‘அப்பா, தம்மாம்’ என்று எழுதிக் கிடக்கிறதே, அதைக் கொடுங்கள் என்பேன்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது. எழுதத் தெரியாத அம்மாக்கள் இங்கிருந்து பேசிப் பதில் அனுப்பினார்கள். கொடை விழா வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, இழவு வீட்டு ஒப்பாரி என்று எவ்வளவோ இப்படிப் பதிவாகியிருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பல கேசட்டில் உதிர்ந்திருக்கும். அப்படியானால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியாக வேண்டும். அடுத்து ஹெட்டின் சாய்வு. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பதிவு செய்த டேப் ரெக்கார்டரில் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ, அதே சாய்வு இங்கேயும் வேண்டும். ஹெட்டின் ஓரத்து ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்ட குரல் பளிச்சென்று வெளியே வரும். இதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது.

ஆன்லைனில் மலிவாக விற்கும் யு.எஸ்.பி. கேசட் பெட்டிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. பலவற்றில் வேகம் சீராக இருக்காது; ஒலியை எம்.பி.3 ஆகச் சுருக்கியும் விடும். ஒலிக் காப்பகங்களின் உலக அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ., குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஏற்றச் சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி. இடம் பிடிக்கும். இன்றைக்கு அது ஒரு செலவே இல்லை.

“இரைச்சலை எடுத்துருங்க அண்ணே” என்பார்கள். கேட்பதற்கென்று தனிப் பிரதியில் எடுத்துத் தருவேன். மூலப் பிரதியில் கை வைக்க மாட்டேன். ஒரு கேசட்டில் மகன் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் மாடு கத்துகிறது. “ஏளா, அதை அவுத்துக் கட்டு” என்று தூரத்தில் ஒரு குரல். கேட்டுக்கொண்டிருந்த பெண், “ஆச்சி!” என்று எழுந்தேவிட்டார். அந்த ஆச்சிக்கு ஒரு போட்டோகூட அவர்கள் வீட்டில் இல்லை. இரைச்சலோடு சேர்த்துத் துடைத்திருந்தால் அந்தக் குரலும் போயிருக்கும்.

காந்த நாடாக்களுக்காக யுனெஸ்கோ 2019-இல் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கியது. 2025 வாக்கில் நாடாவை ஓட்டிக் கேட்கும் வசதியே அருகிவிடும் என்பது அதில் நிபுணர்கள் சொன்ன கணிப்பு. அந்தக் கெடு வந்து போய்விட்டது. கேசட்டை ஓட்டும் நல்ல டெக் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பெல்ட் உருகிப் பிசுபிசுத்துப் போன பழைய டெக்கைப் பிரித்து, அதன் உதிரியை இன்னொன்றில் போட்டுத்தான் நான் ஓட்டுகிறேன். என்னைப் போன்ற கடைக்காரர்களை மட்டும் நம்பி இந்த வேலையை விடக் கூடாது.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் நல்ல டெக் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, வேலை தெரிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையில்லை. குடும்பத்தாருக்கு ஒரு பிரதி. அவர்கள் சம்மதித்தால் மட்டும் நூலகத்துக்கு ஒன்று. யார் பேசுவது, எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அங்கேயே எழுதி வைக்க வேண்டும். திருநெல்வேலியில் இதைத் தொடங்கினால் ஓடுகிற டெக் ஒன்றைத் தருகிறேன்; வேலையையும் கற்றுத் தருகிறேன்.