உறங்காத சுரங்கம்

மைசூருவின் ஹெப்பால் தொழிற்பேட்டையில் மாலையானால் அலுவலகங்களைப் பூட்டிவிடலாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வேலை முடிந்திருக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சாப்ட்வேர் நகரங்கள் எல்லாவற்றுக்கும் இது உறைத்தது. இன்ஃபோசிஸின் பரந்த பயிற்சி வளாகம் உள்ள மைசூருவும் விலக்கல்ல. ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள்; சர்வர்கள் போகவில்லை.

அலுவலக நெட்வொர்க்கின் தடுப்புச்சுவர் வெளியாட்களை மறிக்கும். உள்ளிருந்து வெளியே போகிறவர்களை அவ்வளவாக மறிக்காது. சூட்சுமம் இங்கேதான். உள்ளே உள்ள லினக்ஸ் மெஷின், வெளியே ஒரு சர்வரை எஸ்.எஸ்.எச். மூலம் தானே அழைத்து, இணைப்பைத் திறந்து வைக்கிறது. வீட்டிலிருப்பவர் அந்தச் சுரங்கம் வழியாக உள்ளே வருகிறார். பின்லாந்தின் டாடு யிலோனென் 1995இல், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் களவு போனதைப் பார்த்து எழுதிய புரோகிராம் அது.

லைன் அறுந்தால் சுரங்கம் இடிந்துவிடும். நள்ளிரவில் அதை மீண்டும் தோண்டும் பொறுப்பு, லினக்ஸின் பின்னணி வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ‘விழுந்தால் எழுப்பு’ என்பது ஒரு வரிக் கட்டளை. பலர் சறுக்குவது அடுத்த வரியில். காத்திருக்கும் நேரத்தைக் குறிப்பிடாவிட்டால், பத்து விநாடிக்குள் ஐந்து முறை எழுப்பிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி கைவிட்டுவிடும். கரண்ட் வந்து ரூட்டர் விழிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். பத்து விநாடி இடைவெளி கொடுத்தால் விடிய விடிய முயலும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மறுமுனையை விசாரிக்கச் சொல்வதும் அவசியம். இல்லையேல் செத்த லைனை உயிரோடிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

ஆனால் தானே திறந்துகொள்ளும் கதவு யாருக்கெல்லாம் திறக்கும்? 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற புரோகிராமில் கள்ளச்சாவி ஒளிந்திருந்தது அம்பலமானது. குறி எஸ்.எஸ்.எச்.தான். லாகின் அரை விநாடி தாமதமானதை எஞ்சினியர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் சந்தேகித்ததால் பெரும் விபத்து தவிர்ந்தது.

மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஓர் ஊழியர் தோண்டிய சுரங்கம் எந்தப் பதிவிலும் இராது. அவர் வேலையை விட்டாலும் சிஸ்டம்டி அதை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

பரிகாரம் எளிது. சுரங்கத்துக்கு அதிகாரம் குறைந்த தனி யூசர். அந்த ஒரு வழியை மட்டும் திறக்கும் சாவி. மூடுவதற்கு ஒரு தேதி. வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம்கூட எந்தச் சாவி யாரிடம் என்று ஒரு நோட்டு இருக்கிறது. சுரங்கங்களுக்கும் அப்படியொரு நோட்டு வேண்டும்.