அளக்கும் கைக்குக் கூலி கொடுப்பது யார்?

ஆற்றில் கலக்கும் கழிவுநீரைக் குறித்து நீதிமன்றங்கள் எவ்வளவு கடுமையாகத் தீர்ப்பு எழுதினாலும், நாடாளுமன்றம் எத்தனை சட்டங்களை இயற்றினாலும், அவை அனைத்தும் கடைசியில் நிற்பது ஆலையின் கழிவுநீர் வாயருகே ஒருவர் குனிந்து நிரப்பும் சில புட்டித் தண்ணீரின் மீதுதான். அந்தத் தண்ணீர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடைய கையால் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கிறது அல்லது விழுகிறது. அப்படியிருந்தும், களத்தில் மாதிரி எடுக்கும் சுற்றுச்சூழல் விஞ்ஞானியின் வேலை நிர்வாகத்தின் பார்வையில் எடுபிடி வேலையாகவே இருக்கிறது. தனியார் ஆய்வகங்களில் பணிபுரிவோரைப் பொறுத்தவரை, அவர்களுக்குரிய கூலி அவர்கள் யாரைச் சோதிக்கப் போகிறார்களோ அந்த ஆலையின் கல்லாவிலிருந்தே வருகிறது. இந்த இரண்டு நிலைமைகளும் மாறாதவரை, மாசு கட்டுப்பாடு என்பது காகிதத்தில் மட்டுமே நடக்கும்.

இந்த வேலைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எடையை முதலில் பார்க்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரி எடுக்கும் அலுவலர் அந்த இடத்திலேயே ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு புட்டிகளிலும் அடையாளமிட்டு முத்திரை வைத்து இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும், ஒன்றைத் தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று படிப்படியாக வகுத்திருக்கிறது. பொறுப்பாளர் கேட்டால் இரண்டாவது புட்டி வேறொரு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குச் செல்லும். இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு குளிர்பான நிறுவனத்தின் வழக்கில் இந்த நடைமுறை சரிவரப் பின்பற்றப்படவில்லை என்பதாலேயே ஆய்வு முடிவை ஒதுக்கி வைத்தது. கழிவுநீர் கெட்டிருந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையும் முன்பே, புட்டியின் பயணத்தில் நேர்ந்த குறை வழக்கை முடித்துவிட முடியும் என்பதற்கு அது சான்று.

சட்டத்தின் கண்டிப்பைவிட அறிவியலின் கண்டிப்பு இன்னும் கூடுதலானது. தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதைக் காட்டும் அளவே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படுகிறது. இந்திய நடைமுறையில் அது 27 பாகை வெப்பத்தில் 3 நாள் வைத்து அளக்கப்படுகிறது, ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கு அதன் வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். அந்த மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகையை ஒட்டிய குளிரில் வைக்காமல் வேனின் பின்னிருக்கையில் போட்டு வெயிலில் கொண்டுவந்தால், நுண்ணுயிரிகள் வழியிலேயே தம் வேலையைத் தொடங்கிவிடும், ஆய்வகத்தில் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் புட்டியைக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்காதபடி வழிய வழிய நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்து, பழுப்பு நிற வீழ்படிவு திரளும்வரை கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். உலோகங்களுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆனால் தோல் பதனிடும் பகுதிகளில் பெரிதும் அஞ்சப்படும் ஆறிணைதிறக் குரோமியத்துக்கான புட்டியில் அதைச் சேர்த்துவிட்டால், அந்த நச்சு வடிவம் தீங்கு குறைந்த மூவிணைதிற வடிவமாக மாறி, இருந்த நஞ்சு இல்லாததாகப் பதிவாகும். பாக்டீரியா ஆய்வுக்கான புட்டி கிருமி நீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், எண்ணெய்க்கான புட்டி கண்ணாடியாக இருக்க வேண்டும், அமிலகாரத் தன்மையும் வெப்பமும் நின்ற இடத்திலேயே அளக்கப்பட வேண்டும். இத்தனையும் தெரிந்த ஒருவரை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது.

எப்போது எடுப்பது என்பது அடுத்த சிக்கல். ஒரு நொடியில் அள்ளும் மாதிரி அந்த நொடியின் நிலையை மட்டுமே சொல்லும். பல மணி நேரத்துக்கு இடைவெளி விட்டு விட்டு எடுத்துக் கலக்கும் கூட்டு மாதிரி அன்றைய சராசரியைச் சொல்லும், ஆனால் நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடப்பட்ட கழிவை அந்தச் சராசரிக்குள் கரைத்து மறைத்துவிடும். மழை பெய்து ஓடையில் வெள்ளம் வரும் நேரத்தில் சாயக்கழிவு சேர்ந்து வருகிறது என்பது நொய்யல் ஆற்றங்கரை உழவர்களின் நெடுநாள் புகார். காலை 10 மணிக்கு முன்னறிவிப்போடு வந்து மாலை 5 மணிக்குள் திரும்பும் அலுவலகக் கடிகாரம் அந்தப் புகாரைச் சோதிக்கவே முடியாது. அதைச் சோதிக்க வேண்டுமானால் இரவு வண்டியும், மழைக்காலப் படியும், இரவில் வரும் மாதிரியை வாங்கிக்கொள்ள ஆய்வகத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

நொய்யலின் வரலாறு இதற்குப் பாடமாக நிற்கிறது. பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவைத் தேக்கும் தொட்டியாகிப்போனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசனக்காரர்களே போராடும் விபரீதம் நேர்ந்தது. வழக்குகளின் முடிவில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மறுசுழற்சி செய்யும் பூஜ்ய வெளியேற்ற முறையைக் கட்டாயமாக்கியது, 2009இல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்தது, அதன் பின்னும் மீறல் தொடர்ந்ததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடும்படி உத்தரவு வந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது; ஒழுங்காகச் சுத்திகரித்தவரும் சுத்திகரிக்காதவரும் ஒரே நாளில் மூட வேண்டி வந்தது அதைவிடப் பெரிய அநீதி. எந்தப் பட்டறை எந்த நாளில் எவ்வளவு விட்டது என்று நம்பிக்கையோடு பிரித்துச் சொல்லும் களப்பதிவு இருந்திருந்தால், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூட்டுப் போட வேண்டிய தேவை நீதிமன்றத்துக்கு ஏற்பட்டிருக்காது.

பூஜ்ய வெளியேற்றம் வந்த பிறகு மாதிரி எடுப்பவரின் வேலை குறையவில்லை, திசை மாறியிருக்கிறது. முன்பு குழாய் வாயில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இப்போது குழாய் வாயே இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஆலைக்குள் எவ்வளவு உப்பும் சாயமும் வாங்கப்பட்டன, சுத்திகரிப்பில் எவ்வளவு மீட்கப்பட்டது, எவ்வளவு கசடாகத் தேங்கியிருக்கிறது, சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்று வரவு செலவுக் கணக்குப் போலப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த மாசு காற்றில் கரைந்து போவதில்லை, வேறோரிடத்தில் குவிகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைச் சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கசட்டில் மூழ்கி இறந்தார்கள். வெளியேறும் நீரின் எண்ணை மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் வழக்கம் பார்க்கத் தவறுவது எதை என்பதை அந்தப் 10 உயிர்கள் சொல்கின்றன.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே, இன்னும் புட்டி எதற்கு என்ற கேள்வி எழலாம். 2014இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை அதிக மாசு தரும் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது நல்ல நடவடிக்கைதான். ஆனால் அந்தக் கருவி எச்சரிக்கை மணியே தவிர 21ஆம் பிரிவின் முத்திரையிட்ட புட்டிக்கு ஈடாகாது. அதை வாங்கிப் பொருத்திப் பராமரிப்பதும் ஆலைதான், உணரியைத் தூய நீர் உள்ள வாளிக்குள் இறக்கிவிட்டால் திரையில் தூய எண்ணே ஓடும். மணி அடித்ததும் நேரில் போய்ப் பார்க்க ஆள் இருந்தால்தான் மணிக்குப் பொருள் உண்டு.

ஆள்தான் இல்லை. நாடு முழுவதும் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடந்ததைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குகளே காட்டின. அந்த வெற்றிடத்தைத் தனியார் ஆய்வகங்கள் நிரப்புகின்றன. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனை இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்த அறிக்கைகளுக்கான காற்று, நீர், ஒலி அளவீடுகளை எடுக்கும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதும் பணம் கொடுப்பதும் திட்ட உரிமையாளரே. வரம்பு மீறிய எண்ணை எழுதிக் கொடுக்கும் ஆய்வகத்துக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வருமா என்ற அச்சம் அறிக்கை எழுதும் மேசையில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் ஐயமன்று. 2009 முதல் 2011 வரை குஜராத்தில், அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோரும் மாநில வாரியத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு இதைத் துல்லியமாக அளந்து காட்டியது. வழக்கமான முறையில், ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்து பணம் கொடுத்தபோது, புகைபோக்கித் துகள் அளவுகள் 150 என்ற வரம்புக்குச் சற்றே கீழே வந்து கும்பலாக நின்றன. மறுசோதனை செய்தபோது 29 விழுக்காட்டு அறிக்கைகள் மீறலை இணக்கமாகக் காட்டியிருந்தது தெரியவந்தது. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, கூலியைப் பொது நிதியிலிருந்து நிலையான தொகையாகக் கொடுத்து, அவர்கள் எடுத்த அளவுகளில் சிலவற்றை எழுமாறாக மீண்டும் அளந்து சரிபார்த்தபோது, அதே ஊரில் அதே வகைத் தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினார்கள்; ஆலைகளும் மாசைக் குறைத்தன. மனிதர்கள் மாறவில்லை, கூலி வரும் வழி மட்டுமே மாறியது.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதை ஏற்றிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் குஜராத்தில் பலன் தந்தது குலுக்கல் மட்டுமன்று. பொது நிதியும் மறுசோதனையும் அதோடு சேர்ந்தே இயங்கின. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் ஆலைகளிடமிருந்து இசைவாணைக் கட்டணத்தோடு கண்காணிப்புக் கட்டணத்தையும் வாங்கித் தனி நிதியில் வைத்து, மாதிரி எடுக்கும் ஆய்வகத்துக்கு அந்த நிதியிலிருந்தே கொடுக்கும் முறையைக் கொண்டுவர வேண்டும். எடுத்த மாதிரிகளில் ஒரு பங்கையாவது வாரியத்தின் சொந்த விஞ்ஞானிகள் முன்னறிவிப்பின்றி மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர் வருகை என்றாலே கையூட்டும் தொந்தரவும்தான் என்று சிறு பட்டறை உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு மருந்து வருகையைக் குறைப்பதன்று, இரண்டாவது புட்டியை மதிப்பதே. சந்தேகம் இருந்தால் தம் பங்கு மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கும் உரிமையைச் சட்டம் 50 ஆண்டுகளாக அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை மாதிரி எடுக்கும் இடத்திலேயே தமிழில் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவதை வாரியம் கட்டாயமாக்கலாம். அதே நீர்ச் சட்டத்துக்கு 2024ஆம் ஆண்டில் வந்த திருத்தம், அதை ஏற்ற மாநிலங்களில், பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை வைத்திருக்கிறது. நீதிமன்றத்தின் நீண்ட விசாரணையைத் தாண்டி அலுவலரே தண்டம் விதிக்கும் முறையில் அறிக்கையின் ஒவ்வோர் எண்ணுக்கும் எடை கூடுகிறது, பிழையான எண் நேர்மையான பட்டறையையும் வீழ்த்தக்கூடும்.

மாதிரி எடுப்பவரின் உயிரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். துருப்பிடித்த ஏணியில் கருவிப்பெட்டியைத் தோளில் சுமந்து புகைபோக்கியில் உயரத்திலுள்ள மாதிரித் துளைவரை ஏறுபவர்களும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கிய தொட்டி விளிம்பில் குனிந்து நிற்பவர்களும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். உறுதியான மேடையும் ஏணியும் இல்லாத புகைபோக்கிக்கு இசைவாணையைப் புதுப்பிக்கக் கூடாது என்று வாரியம் ஒரே ஒரு நிபந்தனையை உறுதியாகப் பிடித்தாலே பல விபத்துகள் தவிர்க்கப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, களப்பதிவேடு திறக்கப்பட வேண்டும். இப்போது பொதுமக்கள் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் சராசரி எண்களும் இணக்கம் என்ற ஒரு சொல்லும்தான். எந்தப் புட்டி, எந்த நாள், எத்தனை மணி, எந்தக் குழாய் அல்லது கிணறு, அப்போது மழை பெய்ததா, நீர் எந்த நிறத்தில் இருந்தது, வெப்பமும் அமிலகாரத் தன்மையும் எவ்வளவு, முத்திரை இட்டவர் யார், ஆய்வகத்தில் எத்தனை மணிக்கு இறங்கியது என்ற விவரங்களை வாரியம் தன் இணையதளத்தில் மாதிரி எடுத்த ஒரு வாரத்துக்குள் தமிழில் வெளியிடட்டும். ஒரத்துப்பாளையம் ஆயக்கட்டு உழவரும் திருப்பூர்ப் பட்டறை உரிமையாளரும் அதே வரிகளைப் படித்து, தம் கிணற்றின் எண்ணையும் தம் தொட்டியின் எண்ணையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்கட்டும்.