‘விவசாயிக்கு வரியே கிடையாது’ என்பவருக்கு என்ன பதில்?

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக இலைச்சுருட்டுப்புழு, ஆட்டுக்குக் கழிச்சல், சொட்டுநீர் மானியம் என்றுதான் கடிதங்கள் வரும். இந்த முறை வந்ததில் நான்கு கடிதங்கள் அரசாங்கத்தின் கடன், வரி, மானியம் பற்றிக் கேட்கின்றன. ‘இதெல்லாம் நமக்கெதுக்கு?’ என்று தள்ளிவிட முடியாது. டீக்கடை முதல் டி.வி வரை ‘நாடு கடனாளி ஆனதுக்கு இலவசம்தான் காரணம்’ என்று பேசும்போது, விரல் கடைசியில் நம் பக்கம்தான் நீள்கிறது. அதனால் இந்த இதழில் நான்கு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில்.

“சென்னையில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். ‘உங்களுக்கு வரி கிடையாது, கரன்ட் இலவசம், கடன் தள்ளுபடி. எல்லாம் எங்க வரிப்பணம்’ என்று பத்துப் பேர் முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். அவர் சொல்வது உண்மையா?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், போளூர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். வருமான வரிச் சட்டம், விவசாய வருமானத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறது.

ஆனால், விலக்கு இல்லாவிட்டாலும் நம்மில் எத்தனை பேர் அந்த வரிக்குள் வருவோம்? 2018-19-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். கூலி, கால்நடை எல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தொகை. ஆண்டுக்கு ஒண்ணேகால் லட்சம்கூட வரவில்லை. 2025-26 முதல் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் சொந்தக்காரர் அந்த வரம்புக்குள் இருந்தால் அவரும் கட்டப்போவதில்லை.

அடுத்து, வருமான வரி மட்டும்தான் வரியா? டீசலைப் பாருங்கள். 2022 மே மாதம் முதல் 2025 ஏப்ரல் தொடக்கம் வரை ஒரு லிட்டர் டீசலில் மத்திய அரசின் கலால் வரி 15.80 ரூபாய். தமிழ்நாடு அரசின் வரி 11 சதவிகிதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 9.62 ரூபாயும். உழவு, அறுவடை என்று உங்கள் வயலில் ஆண்டுக்கு 100 லிட்டர் டீசல் எரிந்தால், அந்த 11 சதவிகிதத்தைச் சேர்க்காமலே 2,542 ரூபாய் வரி. டிராக்டர் உங்களுடையதாக இல்லாவிட்டாலும் மணி வாடகைக்குள் இது இருக்கிறது. பி.எம்.கிசானில் வரும் 6,000 ரூபாயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே திரும்பிப் போய்விடுகிறது.

பூச்சிமருந்துக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். 2,000 ரூபாய்க்கு மருந்து வாங்கினால் அதில் 305 ரூபாய் வரி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடைக்காரர் தான் கட்டிய ஜி.எஸ்.டி-யை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். விளைபொருளை விற்கும் நாம் ஜி.எஸ்.டி வசூலிப்பதில்லை என்பதால் கழித்துக்கொள்ள வழியில்லை. அந்த வரி நம் தலையிலேயே நின்றுவிடுகிறது.

‘சலுகை உங்களுக்கு மட்டும்தான்’ என்பதும் சரியில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரி அடிப்படை விகிதத்தை 30-லிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்கள். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே அப்போது சொன்னது. முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகும் என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணம் சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆனால், கம்பெனிக்குக் கொடுத்தால் ‘ஊக்கம்’, விவசாயிக்குக் கொடுத்தால் ‘இலவசம்’ என்று பெயர் மாறுவதை மட்டும் கவனியுங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறு வழியில் சம்பாதித்த பணத்தை விவசாய வருமானம் என்று காட்டித் தப்பிப்பவர்கள் உண்டு. வருமான வரித்துறை இதைச் சரியாகச் சோதிப்பதில்லை என்று மத்திய தணிக்கைத் துறையே குறை சொல்லியிருக்கிறது. அதை அடைக்கச் சொல்லி முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். கெட்ட பெயர் நமக்கல்லவா வருகிறது!

“தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் என்கிறார்களே... அதை நாம் கட்ட வேண்டுமா? பற்றாக்குறை என்றால் என்ன?”
- மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், மணப்பாறை.

2021 ஆகஸ்ட்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று ஒரு கணக்கு இருந்தது. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். அதற்காக ‘நமக்குச் சம்பந்தமில்லை’ என்றும் இருந்துவிட முடியாது. வட்டி நம் வரியிலிருந்துதான் போகிறது. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில், வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 பைசா கடன். போகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசா வட்டி. எல்லா மானியங்களும் சேர்ந்தே 6 பைசாதான்.

பற்றாக்குறையில் இரண்டு வகை உண்டு. உங்கள் குழுக் கணக்கை வைத்தே சொல்கிறேன். ஓர் உறுப்பினர் கறவை மாடு வாங்கக் கடன் கேட்கிறார். இன்னொருவர் மளிகைக் கடையில் இருக்கும் பாக்கியைத் தீர்க்கக் கேட்கிறார். இரண்டும் கடன்தான். மாடு பால் கறந்து கடனை அடைக்கும். மளிகைப் பாக்கி அடுத்த மாதமும் வரும். அரசின் அன்றாடச் செலவுகளான சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவற்றுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்கினால் அது வருவாய்ப் பற்றாக்குறை. அணை, சாலை போன்றவற்றுக்கு வாங்குவதையும் சேர்த்து, மொத்தமாகக் கடன் வாங்கி அடைக்க வேண்டிய பள்ளம் நிதிப் பற்றாக்குறை.

இதற்கு வரம்பு வைக்க 2003-ல் மத்தியிலும் தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது. நிதிப் பற்றாக்குறை உற்பத்தி மதிப்பில் 3 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். வருவாய்ப் பற்றாக்குறையே கூடாது என்பது அதன் நோக்கம். மத்திய அரசு 2025-26-க்குப் போட்ட கணக்கு 4.4 சதவிகிதம். தமிழ்நாட்டில் 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை விடாமல் தொடர்வதாக அந்த வெள்ளை அறிக்கை சொன்னது. எந்தக் கட்சி ஆட்சி என்பதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இது கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால், வரம்பைத் தாண்டுவது எப்போதும் தப்பல்ல. கொரோனா வந்த 2020-21-ல் மத்திய அரசின் பற்றாக்குறை 9.2 சதவிகிதம் வரை போனது. வறட்சியில் மாட்டை விற்காமல், கடன் வாங்கியாவது வைக்கோல் போடுகிறோம் இல்லையா... அதுபோலத்தான்.

இன்னொன்று, அரசுக் கணக்கில் கட்டடம் ‘மூலதனம்’, ஆள் சம்பளம் ‘வருவாய்ச் செலவு’. கால்நடை மருத்துவமனைக் கட்டடம் நல்ல செலவாகவும், மருத்துவர் சம்பளம் சுமையாகவும் ஏட்டில் தெரியும். மருத்துவர் இல்லாத கட்டடத்தால் யாருக்கு லாபம்? ஏட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

“இலவச மின்சாரத்தையும் உர மானியத்தையும் நிறுத்தினால் கடன் தீர்ந்துவிடும் என்கிறார்களே?”
- மூன்று ஏக்கர் விவசாயி, அவிநாசி.

தீராது. ஆனால், இந்தச் சலுகைகளில் குறையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன்.

கோவை வட்டாரத்தில் மின் கட்டண உயர்வுக்கு எதிராக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டதையும், 1972-ல் கட்டை வண்டிகள் கோவை வீதிகளை நிறைத்ததையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகு 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. யாரும் தானமாகத் தூக்கிக் கொடுத்ததல்ல. 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைப்பதால்தான், சாப்பிடுகிறவர்களுக்கு அரிசியும் இந்த விலையில் கிடைக்கிறது. மத்திய அரசின் 2025-26 கணக்கில் உர மானியம் சுமார் 1.68 லட்சம் கோடி. வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. எது பெரியது என்று நீங்களே பாருங்கள்.

இனி மறுபக்கம். மோட்டார் ஓட ஓட நிலத்தடி நீர் இறங்குவது உங்கள் ஊரிலேயே தெரியும். ஐந்து கிணறு உள்ளவருக்கு ஐந்து பங்கு இலவசம். கிணறே இல்லாத மானாவாரி விவசாயிக்கு ஒரு யூனிட்கூட இல்லை. யூரியா மலிவு என்று அளவுக்கு மேல் போட்டுப் பயிர் சாய்ந்ததும், பூச்சி ஏறியதும் இந்தப் பக்கத்திலேயே எத்தனை முறை எழுதியாயிற்று!

கடன் தள்ளுபடியும் இப்படித்தான். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. பலருக்கு மூச்சு வந்தது. ஆனால், ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தவருக்கும், சிட்டா இல்லாததால் வட்டிக்கடைக்குப் போன குத்தகைதாரருக்கும் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அதனால் ‘நிறுத்து’ என்பவர்களிடமும், ‘தொடாதே’ என்பவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘இது யாருக்குப் போய்ச் சேருகிறது?’

“அரசாங்கம் கடனில் மூழ்கினால் விவசாயிக்கு என்ன ஆகும்?”
- மிளகாய் விவசாயி, முதுகுளத்தூர்.

உங்கள் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினார்களே... அந்தக் கதைதான்.

2019 டிசம்பரில் இலங்கை அரசு, மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவிகிதமாகக் குறைத்தது. மக்களுக்குச் சந்தோஷம். அரசின் வருமானம் சரிந்தது. பின்னாலேயே கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்தது. வெளிநாட்டுக் கடன் கட்ட டாலர் இல்லை. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். இயற்கை விவசாயம் என்பது சொன்ன காரணம். உரத்துக்குப் போகும் டாலரை மிச்சம் பிடிப்பதும் ஒரு காரணம். இயற்கை விவசாயம் நல்லதுதான். ஆனால், மண்ணைப் பழக்காமல் ஒரே நாளில் மாறச் சொன்னால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? நெல் விளைச்சல் விழுந்தது. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 8 ஆகக் குறைத்த வரி, 2024 ஜனவரியில் 18 சதவிகிதம் ஆனது.

இந்தியா இலங்கை அல்ல. நம் அரசின் கடனில் பெரும்பகுதி உள்நாட்டில், ரூபாயில் வாங்கியது. டாலர் இல்லாமல் அப்படி ஒரே நாளில் கைவிரிக்கும் நிலை இங்கில்லை. ஆனாலும், அளவில்லாத வரிக்குறைப்புக்கும் கடனுக்கும் கடைசி பில் யாரிடம் வருகிறது என்பதற்கு அந்த ஊர் விவசாயிகள் சாட்சி.

ஆகவே, வாசகர்களே... அடுத்த முறை யார் மேடையில் எதை அறிவித்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். பணம் எங்கிருந்து வரும்? மாடு வாங்கும் கடனா, மளிகைப் பாக்கியா? யாருக்குப் போய்ச் சேரும்? எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்? கேட்டுப் பழக உங்கள் ஊர் கிராம சபையே போதும். ஊராட்சியின் வரவு-செலவை அங்கே வைத்தாக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போளூர் வாசகரே... அடுத்த விசேஷத்தில் அந்த உறவினரைப் பார்த்தால் சண்டை வேண்டாம். ‘நானும் வரி கட்டுகிறேன். அந்தப் பணம் எங்கே போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்தே கேட்போமா?’ என்று மட்டும் கேளுங்கள்.