மஞ்சள் பைக்குள் போன கட்டி

சென்ற மாதம் ஒன்பது வயது லாப்ரடார் நாயொன்றைப் பிணப் பரிசோதனை செய்தோம். வடஇந்திய நகரமொன்றில் கால்நடை நோய்க்குறியியல் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கு அது புதிய வேலையன்று. விலாவில் பழைய அறுவைத் தழும்பு. அதன்மீதே மீண்டும் வளர்ந்து புண்ணான கட்டி. வீங்கிய அக்குள் நிணநீர்க் கணு. நுண்ணோக்கியில் பார்த்தபோது மண்ணீரல், கல்லீரல் வரை மாஸ்ட் செல்கள். ஏழு மாதங்களுக்கு முன் அக்கட்டியை அகற்றியவர் "வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்றாராம். வெட்டியெடுத்த சதை எங்கே என்று கேட்டேன். நாயை வளர்த்தவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்: மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை.

விரலால் தொட்டுப் பார்த்தே தோல்கட்டிக்குப் பெயர் சூட்டும் இந்தத் துணிச்சலை அனுபவம் என்று அழைப்பதை நாம் எப்போது நிறுத்தப்போகிறோம்? தோலுக்கடியில் வளரும் மாஸ்ட் செல் கட்டி, கைக்குக் கொழுப்புக் கட்டியைப் போலவே மென்மையாகத் தட்டுப்படக்கூடும். ஒருநாள் வீங்கும், மறுநாள் வற்றும். அதிலிருந்து கசியும் ஹிஸ்டமின் செய்யும் வேலை அது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிறிது காலம் சுருங்கியும் காட்டும். மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் மகிழ்வார்கள். இளம் நாய்களுக்கு வரும் ஹிஸ்டியோசைட்டோமா பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். நம் தெருநாய்களிடம் மிகுந்திருக்கும், இணைசேர்கையில் தொற்றும் பால்வினைக் கட்டி, வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் கரைந்துவிடும். மாஸ்ட் செல் கட்டியையோ சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து அகலமாக வெட்ட வேண்டும். மூன்றும் தோலில் உருண்டையாகத்தான் நிற்கின்றன. கத்தியை எடுக்கும் முன் எது என்று தெரிய வேண்டாமா?

செலவு என்பார்கள். மயக்க மருந்துக்கும் தையலுக்கும் பணம் கட்டியவரிடம் திசுப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், அவரால் முடியாது என்று நாமே முடிவுகட்டுவது இரக்கமாகாது. ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்க ஒரு சிரிஞ்சும், கண்ணாடித் தகடும், சிறிது ஜீம்சா சாயமும் போதும். ஆனால் அது செல்லின் பெயரைச் சொல்லும், அவ்வளவே. அதன் மூர்க்கத்தையும், வெட்டிய விளிம்பில் மிச்சம் இருக்கிறதா என்பதையும் திசுச் சீவல்தான் சொல்லும். பட்நாயக் 1984இல் மூன்று தரநிலைகளை வகுத்தார்; கியூப்பலும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் அதை இரண்டாக எளிமையாக்கினர். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்து என்ன பயன், சதையே வந்து சேராதபோது?

வந்து சேரும் மாதிரிகளின் கதை இன்னொன்று. எலுமிச்சையளவுக் கட்டியை ஊசிமருந்துக் குப்பியில் திணித்து, மேலே இரண்டு சொட்டு ஃபார்மலின். உள்ளே அழுகிவிடும். சதையைப்போல் பத்து மடங்கு, பத்து விழுக்காட்டு ஃபார்மலின் வேண்டும். பெரிய கட்டியை ஆங்காங்கே கீறிவிட வேண்டும். வாயகன்ற பாத்திரம் வேண்டும். ஊறுகாய் பாட்டில் போதும் ஐயா! உறைய வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது செல்களையே சிதைத்துவிடும். வயது, இனம், கட்டியிருந்த இடம் எதுவும் எழுதாமல் "கட்டி" என்ற ஒற்றைச் சொல்லுடன் வரும் சீட்டுகளை நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மருத்துவர்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் நான் பொய்யன். ஆய்வேட்டுக்கென்று மருத்துவமனைகளில் இரந்து மாதிரி வாங்கும் நாங்கள், படம் எடுத்து, அட்டவணையில் ஏற்றி, இத்தனை விழுக்காடு இந்த வகை என்று எழுதுகிறோம். அந்த விழுக்காடு நாய்களுடையதன்று. மஞ்சள் பைக்குத் தப்பியவற்றின் கணக்கு. அறிக்கையோ நாயின் வீட்டுக்குப் போவதே இல்லை. என் பதிவேட்டிலும் அப்படிப் பதினோரு மாதிரிகள் கிடந்தன. இந்த வாரம் ஒவ்வொன்றாக அழைத்துச் சொல்லி வருகிறேன். நான்காவது அழைப்பில் பேசிய பெண்மணி, "இப்போது எதற்குச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.