சுற்றுலாச் சீட்டும் சுமை தூக்கும் தோளும்

'பயணத்தின் நோக்கம் யாது?'

வெளிநாடு செல்ல விசா கேட்டு எழுதும் விண்ணப்பத்திலே இப்படியொரு கேள்வி உண்டு. பெயர் கேட்கிறார்கள், பிறந்த ஊர் கேட்கிறார்கள், தகப்பனார் பெயர் கேட்கிறார்கள். அனைத்துக்கும் தயக்கமின்றி விடை சொல்லும் நம் தோழன், இந்தக் கேள்வி வந்ததும் வாய் மூடிக்கொள்கிறான். எதிரே அமர்ந்திருக்கும் ஏஜெண்டு அவனுக்காக விடை எழுதுகிறான்: 'சுற்றுலா!'

சுற்றுலாவாம்! யாருக்கு? கம்பி வளைத்துக் காய்த்துப் போன கையுடையவனுக்கு! மனைவியின் தாலிக்கொடியை அடகுக் கடையிலே வைத்து, மைத்துனனிடம் கைமாற்று வாங்கி, வட்டிக்காரனிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவனுக்கு! பாலைவன நாட்டிலே, கொளுத்தும் வெயிலிலே, சாரத்தின் மீது நின்று சுமை தூக்கப் போகிறவன், அங்கே மணல்மேடு கண்டு மகிழ்ந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பப் போகும் உல்லாசப் பயணியாம்! எழுதுகிறவன் கை கூசவில்லை. கையெழுத்துப் போடுகிறவனுக்கோ என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு சொல், ஒரே ஒரு பொய்ச்சொல், அவனிடமிருந்து எதையெல்லாம் பறித்துவிடுகிறது என்பதைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பயணம் போவது பாவம் என்று கூறுவோர் அல்லர் நாம். அப்படிக் கூறியவர்கள் வேறு! கடல் கடந்தால் சாதி கெடும் என்று போதாயன தர்ம சூத்திரம் பேசிற்று. 1888 ஆம் ஆண்டிலே, சட்டம் படிக்க இலண்டன் புறப்பட்ட காந்தியாரை, அவருடைய சாதியார் கூடி விலக்கி வைத்தனர். படிக்கப் போனவருக்கே அந்தத் தண்டனை! நாமோ, பயணத்தை அறிவின் வாயில் என்று வரவேற்றவர்கள். பெரியார் 1929 இறுதியில் மலாயா சென்றார். 1931 டிசம்பரில் கப்பலேறி, ஐரோப்பிய நாடுகளையும் சோவியத் நாட்டையும் சுற்றிப் பார்த்து, 1932 இல் திரும்பினார். கண்டார், கேட்டார், எண்ணினார். கண்டதை நாட்டுக்கு எடுத்துரைத்தார். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித உரிமையிலே அடங்கியது என்று உச்சநீதிமன்றமும் 1967 இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுச் சட்டம் அதே ஆண்டிலே பிறந்தது.

ஆனால், கடவுச்சீட்டு வேறு, விசா வேறு. கடவுச்சீட்டு, 'இவன் எங்கள் குடிமகன்' என்று நம் அரசு தரும் சான்று. விசா, 'இன்ன காரியத்துக்காக, இத்தனை நாளைக்கு, நீ வரலாம்' என்று அடுத்த நாடு தரும் அனுமதி. காரியம் எது என்பதுதான் அதன் உயிர்நாடி. சுற்றிப் பார்க்க வா என்றால், சுற்றிப் பார்க்க மட்டுமே வா என்று பொருள்.

அந்த அனுமதியை நல்கும் நாடுகள் நம்மவரைப் பார்க்கும் பார்வை எத்தகையது? 'திரும்பிப் போவாயா?' இந்த ஒரு கேள்வியைத்தான் ஒன்பது விதமாகக் கேட்கிறார்கள். வங்கிக் கணக்கைக் காட்டு, சம்பளச் சீட்டைக் காட்டு, தங்கும் இடத்தைக் காட்டு, திரும்பும் டிக்கெட்டைக் காட்டு! அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்திலே 214 ஆம் பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்டு வருகிறவனை, குடியேறவே வருகிறான் என்று முதலில் கருதிக்கொள்ளச் சொல்கிறது அது. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்டவன் தலையில்! அதற்கான கட்டணத்தை 2023 இல் 185 டாலராக உயர்த்தினார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2024 ஜூன் மாதத்தில் கட்டணத்தை 90 யூரோ ஆக்கின. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டுமாம். விசா கிடைக்கவில்லை என்றால் கட்டணமாவது திரும்புமா? திரும்பாது! கதவைத் தட்டியதற்கும் கூலி வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிடலாம்.

வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1860 ஆம் ஆண்டு, 'துரூரோ' என்ற கப்பல் சென்னையிலே நம்மவரை ஏற்றிக்கொண்டு சென்று, நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையிலே இறக்கிற்று. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது வெள்ளையனுக்கு. மொரீசியசுக்கும் பிஜிக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று எவனாவது வங்கிக் கணக்கைக் கேட்டானா? 'திரும்பிப் போவாயா?' என்று விசாரித்தானா? திரும்பி ஓடிவிடுவானோ என்று பயந்தல்லவா ஒப்பந்தத்திலே கைநாட்டு வாங்கினான்! உழைக்க வேண்டும் என்றபோது, திரும்பிவிடுவான் என்ற பயம். ஊர் பார்க்க வருகிறேன் என்றால், தங்கிவிடுவான் என்ற பயம். அநீதிதான். மறுப்பார் இல்லை.

அந்த அநீதியைக் காட்டித்தான் ஏஜெண்டு தன் கடையை விரிக்கிறான். "நேர் வழியிலே போனால் கிடைக்காதப்பா! வங்கிக் கணக்கை நாங்கள் 'தயார்' செய்கிறோம். டூரிஸ்ட் விசாவிலே போ, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான். பொய்த்தாள் கொடுத்துப் பிடிபட்டவனுக்குப் பிரிட்டன் 10 ஆண்டுத் தடை விதிக்கிறது என்பதை அவன் சொல்வதில்லை. அந்த 10 ஆண்டு ஏஜெண்டுக்கு அல்ல, கையெழுத்திட்டவனுக்கு! விசா கையிலிருந்தாலும், விமான நிலையத்திலே அந்த நாட்டுக் குடிவரவு அதிகாரி ஐயுற்றால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம் என்பதையும் அவன் சொல்வதில்லை. ஏன் சொல்வான்? அவனுக்குப் பணம் முன்பே வந்துவிட்டதே!

சரி, நுழைந்தும் விட்டான் என்றே வைத்துக்கொள்வோம். 'சுற்றுலா' என்ற சொல் அப்போதுதான் தன் வேலையைத் தொடங்குகிறது.

1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அனுமதிக்கு முன் வேலை ஒப்பந்தம் கேட்கப்படும். முதலாளி யார், சம்பளம் என்ன என்பது பதிவாகும். 10 இலட்சம் ரூபாய்க் காப்பீடும் உண்டு. இரண்டாண்டுக்கு அதன் கட்டணம் 275 ரூபாய்! பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு கட்டினார்கள்: 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்.

இந்த அனுமதி வேலைக்குப் போகிறவனுக்குத்தான். சுற்றுலா போகிறவனுக்குத் தேவையில்லை. ஏஜெண்டு கண்டுபிடித்த ஓட்டை இதுதான்! 'சுற்றுலா' என்று எழுதிவிட்டால், ஒப்பந்தம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடு வேண்டாம், கட்டண வரம்பும் வேண்டாம். இலட்சம் இலட்சமாக வாங்கலாம், இரசீது தர வேண்டாம். தொழிலாளிக்கென்று சட்டம் கட்டிய நாலு சுவரையும் ஒரே சொல்லால் இடித்துத் தள்ளிவிட்டு, அவனை வெட்டவெளியிலே நிறுத்துகிறான்.

அங்கே சம்பளம் தராவிட்டால் எங்கே முறையிடுவான்? "நான் வேலை செய்தேன், கூலி வரவில்லை" என்று சொன்னாலே, "நீ சுற்றுலாப் பயணி, உன்னை வேலை செய்யச் சொன்னது யார்?" என்ற கேள்வி வரும். விசா நாள் கடந்துவிட்டாலோ, தங்கும் ஒவ்வொரு நாளும் கடனாக வளரும். அய்க்கிய அரபு அமீரகத்திலே நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் என்று விதித்தார்கள். மாதக் கணக்கிலே பெருக்கிப் பாருங்கள்! 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்த நாடு பொதுமன்னிப்பு அறிவித்து, அபராதமின்றி வெளியேறவும், நிலையைச் சரிசெய்துகொள்ளவும் வழி விட்டது. உழைத்துப் பிழைக்கப் போனவன் மன்னிப்புக்குக் காத்து நிற்கும் நிலை!

இன்னும் கொடியது ஒன்று உண்டு. தாய்லாந்திலே கணிப்பொறி வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி, படித்த பிள்ளைகளைச் சுற்றுலாப் பயணிகளாகப் பாங்காக்கிலே இறக்கினார்கள். அங்கிருந்து மே சோட் என்னும் எல்லை ஊருக்குக் காரிலே கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடிப் பகுதியிலே அடைத்தார்கள். இணையவழி மோசடி செய்யச் சொல்லி வதைத்தார்கள். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே, மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். அத்துடன் முடிந்ததா? 2025 மார்ச்சில், இரண்டே நாட்களில், 549 இந்தியரை விமானப்படை விமானங்களிலே மீட்டு வர வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவன்தான் ஏமாறுவான் என்று எண்ணியிருந்தோரே, பட்டம் பெற்றவனையும் பாருங்கள்!

மலேசியா 2023 டிசம்பரில் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் என்றது. நல்லதுதான். ஆனால், விசா வேண்டாம் என்பது வேலை செய்யலாம் என்பதாகாது. கதவு அகலத் திறந்திருப்பது விருந்தாளிக்கு. வேலைக்காரனுக்கு வேறு சீட்டு வேண்டும்.

"சட்ட வழியிலே போனால் நாளாகிறதே! அடுப்பிலே பூனை தூங்குகிறது. அதுவரை வீட்டிலே என்ன பொங்குவது?" என்று தோழர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுற்றுலா விசாவிலே போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொண்டு, வீடு கட்டியவரும் நம் ஊரிலே உண்டு, இல்லையென்று சொல்லோம். ஆனால் கரையேறியவன் கதைதான் டீக்கடையிலே பேசப்படுகிறது. மூழ்கியவன் வீட்டார் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. ஒருவன் கரையேறியதைக் காட்டி ஊரையே ஆற்றிலே இறக்குகிறவனை நாம் நம்பலாமா?

ஆகவே, ஒன்றிய அரசைக் கேட்கிறோம்: நேர் வழியை ஏன் இத்தனை குறுகலாக வைத்திருக்கிறீர்கள்? மாவட்டந்தோறும் குடிபெயர்வு அனுமதிக்கு ஓர் அலுவலகம் வையுங்கள். தாளும் விளக்கமும் தமிழிலே இருக்கட்டும். திரும்பி வந்தவனை விசாரிப்பதோடு நில்லாமல், அனுப்பியவனைக் கூண்டிலே ஏற்றுங்கள்!

நம் தோழர்களையும் கேட்கிறோம்: படிப்பகம் இருக்கிறது, மாலையிலே பத்திரிகை படிக்கும் இளைஞர் இருக்கிறார்கள். வெளிநாடு புறப்படும் ஒவ்வொருவனும் விசாத் தாளை அங்கே கொண்டுவரட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த தம்பி ஒருவன் நான்கைப் பார்த்துச் சொல்லட்டும். என்ன வகை விசா? எத்தனை நாள்? வேலை ஒப்பந்தம் கையிலே இருக்கிறதா? அனுப்புகிறவனின் பெயர், 'இ-மைகிரேட்' என்னும் அரசு இணையத்தளத்திலே பதிவு பெற்ற ஏஜெண்டுகள் வரிசையிலே இருக்கிறதா? அய்யம் வந்தால், அயலகத் தமிழர் நலனுக்கென்றே தமிழக அரசில் ஓர் ஆணையரகம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். பணம் கட்டுமுன் எழுதுங்கள்! கொடி கட்டுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை இந்த வேலை.

கம்பி கட்டும் தொழிலாளியும் ஒரு நாள், தன் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, கோலாலம்பூரையும் பினாங்கையும் பார்த்து வர வேண்டும் என்பதே நம் ஆசை. சுற்றுலா, செல்வர் வீட்டுச் சொத்தல்ல. வாரம் ஆறு நாள் உழைப்பவனுக்கும் உலகம் பார்க்கும் கண் உண்டு. அந்த நாளிலே, 'பயணத்தின் நோக்கம் யாது?' என்ற கேள்வி வரும்போது, பேனாவை எவனிடமும் கொடுக்காமல், தன் கையாலேயே 'சுற்றுலா' என்று அவன் எழுதட்டும். அதுவரை, அந்தச் சொல்லை அவனுக்காக வேறொருவன் எழுத விடாதீர்கள்!